நாலு துப்பாக்கிக்கு ஒரே சப்ரஸர் போதுமா?

டெக்ஸஸில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, என்னிடம் நாலு துப்பாக்கி இருக்கிறது. .22 ரூகர் 10/22, 5.56 ஏ.ஆர்-15, மரை வெட்டிய குழல் போட்ட 9 எம்.எம். க்ளாக் 19, பன்றி வேட்டைக்கு .308 டிக்கா. கையில் 1,500 டாலர். நாலிலும் மாட்டக்கூடிய பெரிய துளை சப்ரஸர் (குழல் முனையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் குழாய், சைலன்சர் என்பார்கள்) ஒன்று வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கிவிடட்டுமா?"

(இந்த அளவுகள் தோட்டாவின் தோராயமான விட்டம். புள்ளியில் தொடங்குபவை அங்குலத்தில், 5.56-ம் 9-ம் மி.மீ.-ல்.) வேண்டாம் தம்பி. ஒன்று போதாது, நாலும் தேவையில்லை. இப்போது இரண்டு வாங்குங்கள். .22-க்கென்றே ஒன்று, ஏ.ஆர்., டிக்கா ரைஃபிள் இரண்டுக்கும் பொதுவாக .30 துளை உள்ள ஒன்று. க்ளாக்குக்கு அவசரமே இல்லை. ஏன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். 2014-ல் இதே கேள்வியோடு நின்று, "எல்லாவற்றுக்கும் ஒன்று" என்று கேட்டு நம்பி வாங்கியவன் நான். அதன் பலனைப் பல வருடம் அனுபவித்த பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். ஹைரம் பெர்சி மாக்ஸிம் என்பவர் 1909-ல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினார். மாக்ஸிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவரின் மகன். கார் எஞ்சின் சத்தத்தைக் குறைக்கும் வேலையிலும் இறங்கியவர். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். நம்மூரில் புல்லட் வண்டியின் புகைக்குழாயையும் சைலன்சர் என்றுதானே சொல்கிறோம்? சூடான வாயுவைச் சட்டென்று வெளியே விடாமல், அறை அறையாக விரியவிட்டு, ஆறவிட்டு, வேகம் தணிந்த பிறகு அனுப்புவது. அன்றைக்கு அது சில டாலர் விலையில் அஞ்சலில் வாங்கக்கூடிய சாமான்.

1934-ல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. ஒவ்வொரு சைலன்சரின் கைமாற்றத்துக்கும் 200 டாலர் வரி என்றார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரண ஆள் கனவிலும் கட்ட முடியாத பணம். அதற்குப் பிறகு 90 வருடத்துக்கு மேல் அந்தத் தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வரிக்கு மேல் காத்திருப்பு வேறு. நான் முதலில் வாங்கியபோது காகிதப் படிவம், கைரேகை அட்டை, பாஸ்போர்ட் அளவு புகைப்படம் எல்லாம் அனுப்பிவிட்டு ஒன்பது மாதம் காத்திருந்தேன். ஒரு சப்ரஸருக்கு 200 டாலரும் முக்கால் வருடமும் என்றால் யாருக்குத்தான் நாலு வாங்க மனசு வரும்? "வாங்குவதோ ஒன்று, அது எல்லாவற்றிலும் மாட்டட்டும்" என்ற எண்ணம் அப்படித்தான் வேரூன்றியது.

அந்த நிலைமை மாறிவிட்டது. 2021 கடைசியில் மின்படிவம் வந்தபின் காத்திருப்பு படிப்படியாகக் குறைந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தின்படி 2026 ஜனவரி 1 முதல் சப்ரஸருக்கான வரி பூஜ்யம். பதிவு, கைரேகை, பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. பணம் மட்டும் இல்லை. ஆகவே இன்றைக்கு ஒருவர் "எல்லாவற்றுக்கும் ஒன்று" என்று சிபாரிசு செய்தால், வரிக்காகச் செய்துகொண்ட சமரசத்தை வரி போன பிறகும் தூக்கிச் சுமக்கிறார் என்று அர்த்தம். துப்பாக்கி எதுவும் அந்தச் சமரசத்தைக் கேட்டதில்லை.

இப்போது இயந்திர விஷயம். சப்ரஸருக்குள் தடுப்புத் தகடுகள் வரிசையாக நிற்கும். பாஃபிள் என்பார்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. தோட்டா அந்தத் துளைகளின் வழியாக எதிலும் படாமல் போய்விட வேண்டும். பின்னால் வரும் வாயு மட்டும் தகடுகளில் மோதிச் சுழன்று மாட்டிக்கொள்ள வேண்டும். துளை தோட்டாவைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கலாம். அதற்கு மேல் போகப்போக வாயு நேராக வெளியே ஓட வழி கிடைக்கிறது.

எண்களை வைத்துப் பாருங்கள். 5.56 தோட்டாவின் விட்டம் 5.7 மி.மீ. .308 தோட்டா 7.8 மி.மீ. 9 எம்.எம். தோட்டா 9 மி.மீ. .45 தோட்டா கிட்டத்தட்ட 11.5 மி.மீ. உங்கள் கடையில் காட்டும் "பெரிய துளை" சப்ரஸர்கள் பெரும்பாலும் .45 தோட்டா போகும்படி செய்தவை. விட்டம் இரண்டு மடங்கு என்றால் பரப்பு நாலு மடங்கு. அதாவது .45 துளைக்குள் .22 தோட்டா போகும்போது அதைச் சுற்றிலும் அதைப்போல மூன்று பங்கு காலி இடம் திறந்து கிடக்கிறது. கல்யாண அண்டாவில் ஒரு டம்ளர் காபி போடுகிற கதை. போடலாம். காபி வரும். ஆனால் அதற்கென்று ஒரு சின்னப் பாத்திரம் இருக்கும்போது ஏன்?

சத்தத்தின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். சப்ரஸர் இல்லாத .308 ரைஃபிள் சுடுபவரின் பக்கத்தில் 160 டெசிபலைத் தாண்டும். திடீர்ச் சத்தத்துக்கு 140 டெசிபல்தான் எல்லை, அதற்கு மேல் ஒரே வெடியில் காது கெடலாம். நல்ல சப்ரஸர் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். ஆக ரைஃபிளில் அது 140-க்குக் கொஞ்சம் கீழே கொண்டுவந்து நிறுத்துகிறது, அவ்வளவுதான். சினிமாவில் வரும் 'புஸ்' சத்தம் ரைஃபிளில் கிடையாது. டெசிபல் நேர்க்கோட்டுக் கணக்கும் இல்லை. 3 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகிறது. எல்லைக்கோட்டின் பக்கத்தில் நிற்கும்போது துளை அகலத்தால் போகும் நாலைந்து டெசிபல் சின்ன விஷயமே இல்லை. சப்ரஸர் இருந்தாலும் காதுக்கவசம் போடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. என் இடது காதில் ராத்திரி எல்லாம் கேட்கும் மெல்லிய ரீங்காரம் கவசம் போடாமல் சுட்ட நாட்களின் பாக்கி. அது இனி போகாது.

இன்னொன்று, தோட்டா ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்தால் அது காற்றைக் கிழிக்கும் 'படார்' சத்தத்தைச் சப்ரஸர் ஒன்றும் செய்ய முடியாது. அது குழல் முனையில் உண்டாவதில்லை, போகிற வழியெல்லாம் உண்டாவது. 20 டிகிரி வெப்பத்தில் ஒலி வேகம் விநாடிக்கு 343 மீட்டர். 5.56 தோட்டா 900 மீட்டருக்கு மேல் போகிறது, .308 சுமார் 800. ஒலிவேகத்துக்குக் கீழான குண்டு போட்ட .22 சுமார் 320. நாலு துப்பாக்கியில் மிகவும் அமைதியாகச் சுடக்கூடியது உங்கள் ரூகர்தான் என்பது இதிலிருந்தே தெரியும். அதனால்தான் அதற்கென்று தனியாக ஒன்று வாங்கச் சொல்கிறேன்.

.22-ஐப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எல்லோரும் "சின்னத் தோட்டாதானே, எதில் வேண்டுமானாலும் போடலாம்" என்று தாண்டிப் போகும் இடம் இது. சப்ரஸரைக் கெடுப்பதில் மற்ற எல்லாத் தோட்டாக்களையும்விட மோசமானது .22.

காரணம் ஈயம். ரைஃபிள் தோட்டாக்களுக்குச் செம்பு உறை உண்டு. .22 தோட்டாவில் பெரும்பாலும் வெறும் ஈயம், மேலே மெழுகோ மெல்லிய செம்பு முலாமோ. சுடும்போது ஒவ்வொரு தோட்டாவிலிருந்தும் கொஞ்சம் ஈயம் ஆவியாகவும் பொடியாகவும் பிரிந்து தகடுகளில் படிகிறது. ரைஃபிள் வாயுவின் அழுத்தமும் சூடும் உள்ளே படிவதைப் பெரும்பாலும் ஊதித் தள்ளிவிடும். .22-க்கு அந்த வலு கிடையாது. வெடிக்கும்போது அதன் உள்ளழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு, .308-க்கோ 62,000. அதனால் .22-ல் படிந்தது படிந்ததுதான்.

என் முதல் சப்ரஸர் பற்றவைத்து மூடியது, திறக்க வழியில்லை. முழுக்க அதை .22-ல்தான் போட்டேன், ஏனென்றால் குறைந்த செலவில் நிறையச் சுட முடிவது .22-ல்தான். ஒரு வருடம் கழித்துக் கையில் எடுத்தபோது கனம் வேறு மாதிரி பட்டது. மசாலா நிறுக்கிற மாதிரி சின்ன மின்தராசு ஒன்றை கராஜுக்கென்றே வாங்கி (ஈயம் பட்ட எதுவும் சமையலறைத் தராசில் ஏறக் கூடாது) வைத்துப் பார்த்தேன். வாங்கும்போது பெட்டியில் போட்டிருந்த எடையைவிட 70 கிராம் கூடுதல். டார்ச் அடித்துப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் தகடுகளின் விளிம்பே தெரியவில்லை. அடுப்பில் பால் பொங்கிக் காய்ந்த மாதிரி சாம்பல் நிறத்தில் மேடு மேடாக ஒரு படலம். தட்டினால் கொஞ்சம் பொடி உதிர்ந்தது. அந்தப் பொடி ஈயம். வீட்டில் அப்போது தவழும் குழந்தை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

திறக்க முடியாத சப்ரஸரிலிருந்து ஈயத்தை எடுக்கச் சிலர் வினிகரும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் கலந்து ஊறவைக்கச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஈயம் அதில் கரைந்து ஈய அசிடேட்டாகிவிடும். திட ஈயத்தைவிட அது ஆபத்தானது, தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், சாக்கடையில் கொட்டவும் கூடாது. அலுமினியப் பாகம் இருந்தால் அதையும் அரித்துவிடும்.

.22-க்கென்று செய்த சப்ரஸர் முழுக்கக் கழற்றக்கூடியது. முனை மூடியைச் சாவியால் திருகினால் தகடுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும், குழம்பு அடுக்குக் கேரியரைப் பிரிக்கிற மாதிரி. கையுறை போட்டுக்கொண்டு சுரண்டித் துடைத்து மறுபடி அடுக்கலாம். 300 முதல் 500 ரவுண்டுக்கு ஒருமுறை செய்துவிட்டால் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகாது. கையைக் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

எடையும் பேச வேண்டும். ரூகர் 10/22 மொத்தமே இரண்டேகால் கிலோ சுற்றி. அதன் முனையில் 350 கிராம் பெரிய சப்ரஸரைத் தொங்கவிட்டால் துப்பாக்கி மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். .22-க்கான ஒன்று 120 முதல் 200 கிராம்தான். என் பையனுக்கு வயது 11. பழைய பெரிய சப்ரஸரோடு அவனால் பத்து ரவுண்டுக்கு மேல் நிமிர்த்திப் பிடிக்க முடியவில்லை. சின்னதை மாட்டிக் கொடுத்த அன்று ஒரு பெட்டி முழுக்கச் சுட்டான். பக்கத்தில் உட்கார்ந்து "மூச்சை விட்டுட்டு மெதுவா அழுத்துப்பா" என்று சாதாரணக் குரலில் சொன்னேன். கவசம் போட்டிருந்தும் அவன் காதில் விழுந்தது. சப்ரஸர் வாங்கியதில் எனக்கு ஆகப் பெரிய சந்தோஷம் அதுதான். விலையும் 300 முதல் 500 டாலருக்குள் அடங்கும்.

ஒரு எச்சரிக்கை. .22 சப்ரஸரை ரைஃபிளிலோ 9 எம்.எம்.-லோ மாட்டவே கூடாது. அந்த அழுத்தத்துக்கு அது செய்யப்பட்டதில்லை.

அடுத்தது உங்கள் ரைஃபிள்கள். இங்கே பொது சப்ரஸர் சரிதான், அதில் எனக்குத் தயக்கமில்லை. .30 துளை சப்ரஸரை .308-லும் 5.56-லும் மாட்டலாம். துளைப் பரப்பு 5.56-க்குத் தேவையானதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்குதானே, சத்தம் கூடாதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் கூடும். ஆனால் .30 சப்ரஸர்கள் .308-ன் வாயு அளவுக்கு ஏற்ப உள்ளே பெரிய இடத்தோடு செய்யப்படுகின்றன. 5.56-ன் வாயு குறைவு. துளையில் இழப்பதை உள்ளிடத்தில் பெரும்பாலும் திரும்பப் பெற்றுவிடுகிறோம். சில .30 சப்ரஸர்கள் 5.56-க்கென்றே செய்த குட்டையான ஒன்றைவிட அமைதியாகவே இருக்கும்.

அதில் ஒரு லாபமும் உண்டு. ஏ.ஆர்-15 வாயுவால் இயங்குவது. சப்ரஸர் மாட்டினால் முன்னால் போக வழியில்லாத வாயு பின்னால் திரும்பி உங்கள் முகத்துக்கு வரும். கண் எரியும், போல்ட் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பாகம்) வேகமாக அடிக்கும், துப்பாக்கிக்குள் எல்லாம் கரி. துளை பெரிதாக இருந்தால் இந்தப் பின்னழுத்தம் குறையும். ஆகவே 5.56-ல் .30 மாட்டுவது சத்தத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முகத்துக்கு வரும் வாயுவைக் குறைத்துக்கொள்வது. நிறையச் சுடுபவராக இருந்தால் இது நல்ல பண்டமாற்று. அதற்கு மேலும் எரிச்சல் இருந்தால் வாயு அளவைத் திருகிக் குறைக்கும் கேஸ் பிளாக் போடலாம். வாயுவை முன்னோக்கியே வழிநடத்தும் வகைச் சப்ரஸர்களும் வந்துவிட்டன. ஏ.ஆர். மட்டுமே வைத்திருப்பவருக்கு அவை பொருந்தும்.

பெரிய .45 துளை வேண்டாம், .30 வேண்டும் என்று ரைஃபிளில் நான் பிடிவாதமாகச் சொல்வது ஏன்? .308 டிக்காவை நீங்கள் பன்றிக்கு எடுத்துப்போகிறீர்கள். அங்கே சுடுவது இரண்டோ மூன்றோ. ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றும் போல்ட் ரைஃபிளில் பின்னழுத்தத் தொல்லை இல்லை. அங்கே உங்களுக்கு வேண்டியது அமைதியும் குறைந்த எடையும்தான். மிச்சப் பன்றிகள் எந்தத் திசையிலிருந்து வெடித்தது என்று குழம்பி ஒரு கணம் நின்றால் இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும். அந்த ஒரு கணத்தை .30 தரும், .45 துளை தருவது குறைவு.

உலோகத்தையும் இங்கே தீர்மானிக்க வேண்டும். டைட்டானியம் லேசானது, வேட்டைக்கு அருமை. ஆனால் வேகவேகமாக மேகஸின்களைக் காலி செய்தால் சூடேறி வலு குறையும், இருட்டில் பொறியும் பறக்கும். இன்கோனல், ஸ்டெல்லைட் போன்ற உலோகக் கலவைகள் மிகுந்த சூட்டையும் தாங்கும், கனமோ கனம். உங்கள் ஏ.ஆர். குழல் 16 அங்குலம், நிதானமாகச் சுடுபவர் என்றால் டைட்டானியமோ, ஸ்டீலும் டைட்டானியமும் கலந்ததோ போதும். குழல் 10 அங்குலம் மாதிரி குட்டையாக இருந்தால் எரியாத மருந்தும் அழுத்தமும் நேரே முதல் தகட்டில் அடிக்கும். ஒவ்வொரு சப்ரஸருக்கும் தோட்டா வகைவாரியாக இவ்வளவு குழல் நீளத்துக்குக் குறையக் கூடாது என்று தயாரிப்பாளர் பட்டியல் போட்டிருப்பார். வாங்கும் முன் அந்தப் பட்டியலைப் படியுங்கள்.

.30 சப்ரஸருக்கு 700 முதல் 1,200 டாலர் வரை ஆகும். .22-க்கு 350 போட்டால் உங்கள் 1,500-க்குள் இரண்டும் முடிந்துவிடும்.

க்ளாக்கை ஏன் ஒதுக்குகிறேன் என்றால், பிஸ்டல் தனி உலகம். க்ளாக் 19-ன் குழல் சுடும்போது பின்னால் வந்து கீழே சாயும். அப்படிச் சாய்ந்தால்தான் அடுத்த தோட்டா ஏறும். குழலின் முனையில் கனத்தைக் கட்டினால் அது சாயாது. ஒவ்வொரு முறையும் கையால் ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) இழுக்க வேண்டியிருக்கும். அதற்காகப் பிஸ்டல் சப்ரஸருக்குள் பூஸ்டர் என்று ஒரு ஸ்பிரிங் அமைப்பு இருக்கும். சுடும் நொடியில் சப்ரஸரின் கனத்தைக் குழலிலிருந்து பிரித்துவைக்கும் வேலை அதனுடையது. சாயாத நிலையான குழலில், உதாரணமாக ரைஃபிளில், அதே ஸ்பிரிங்கை வைத்து மாட்டினால் ஒவ்வொரு வெடிக்கும் உள்ளே இடித்து இடித்துப் பூஸ்டர் உடையும். அங்கே ஸ்பிரிங்குக்குப் பதில் ஸ்பேசர் வளையம் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒன்று என்று விற்கும் சப்ரஸரோடு பெட்டி நிறையப் பின்மூடியும் பிஸ்டனும் வளையமும் வருவது இதற்காகத்தான். சுடுமிடத்தில் அவற்றை மாற்றி மாற்றி மாட்டுவது அலுப்பு மட்டுமில்லை, தவறுக்கும் இடம் கொடுப்பது.

9 எம்.எம்.-ல் சப்ரஸரின் முழுப் பலனும் 147 கிரெயின் (தோட்டாவின் எடை அளவு) மாதிரி கனத் தோட்டாவில்தான், அது ஒலிவேகத்துக்குக் கீழே போகும். சாதாரண 115 கிரெயின் அதைத் தாண்டிவிடும். க்ளாக்கில் குறிபார்க்க உள்ள உயரம் குறைந்த முனைகள் சப்ரஸருக்குப் பின்னால் மறைந்தும் போகும், உயரமானவை போட வேண்டும். இவ்வளவு செலவுக்கும் பிறகு அந்த நீளப் பிஸ்டலை யாரும் இடுப்பில் வைத்துக்கொண்டு போவதில்லை. அடுத்த வருடம் ஆசை இருந்தால் 9 எம்.எம்.-க்கென்று ஒன்று வாங்குங்கள்.

இனி இந்தப் பதிலிலேயே முக்கியமானது. அமெரிக்காவில் .22, 5.56, 9 எம்.எம். மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே மரைதான். அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று. .308-க்கு 5/8 அங்குலம், 24 சுற்று. அதாவது உங்கள் .22 சப்ரஸர் க்ளாக்கிலும் ஏ.ஆரிலும் அழகாகத் திருகிப் பொருந்தும். மரை பொருந்துவதால் தோட்டா போகும் என்று அர்த்தமில்லை. 9 மி.மீ. தோட்டாவை 6 மி.மீ. துளைக்குள் அனுப்பினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

என் நண்பர் ஒருவரிடம் .300 பிளாக்அவுட் துப்பாக்கி இருக்கிறது. பார்க்க ஏ.ஆர்-15 போலவே, மேகஸின்கூட அதேதான், தோட்டா மட்டும் .30. .30 என்பதால் அதன் குழலுக்கு வழக்கமாக 5/8 மரை வெட்டுவார்கள். அவருடையதில் யாரோ அரை அங்குல மரை வெட்டியிருந்தார்கள். ஒரு சாயங்காலம், வெளிச்சம் மங்கும் நேரம், என் மேசையிலிருந்த இன்னொருவரின் 5.56 சப்ரஸரை எடுத்து அதில் திருகிக்கொண்டிருந்தார். நன்றாகவே திருகியது. என் பழக்கத்தில் நான் "கம்பியைப் போட்டுப் பாரு" என்றேன். குழலுக்குள் விட்டுச் சப்ரஸர் வழியாக எட்டிப்பார்க்கும் அந்த நேரான எஃகுக் கம்பி, .30 அளவு, பாதியில் 'டக்' என்று நின்றது. இரண்டு பேரும் பேசவில்லை. கம்பியை வெளியே எடுத்து, சப்ரஸரைக் கழற்றி, மேசைமேல் வைத்தார். அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

அந்தக் கம்பியை ஒவ்வொரு தோட்டா அளவுக்கும் ஒன்று வாங்குங்கள். சப்ரஸரைப் புதிதாக எதில் மாட்டினாலும், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டுக் கம்பியை விட்டுப் பாருங்கள். முனையில் துளைக்கு நட்டநடுவே வந்து நிற்க வேண்டும். மரை கோணலாக வெட்டியிருந்தாலும் அதிலேயே தெரிந்துவிடும். .22 சப்ரஸருக்குச் சிவப்பு டேப் ஒரு சுற்று சுற்றி வையுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு சப்ரஸர் என்பது யாருக்கும் சரிவராதா? வரும். துப்பாக்கிகள் எல்லாமே ரைஃபிளாக இருப்பவருக்கு .30 ஒன்றே வாழ்நாளுக்குப் போதும். .45 பிஸ்டலும் 9 எம்.எம். பிஸ்டலும் மட்டும் வைத்திருப்பவருக்குக் கழற்றக்கூடிய .45 சப்ரஸர் ஒன்று இரண்டுக்கும் ஆகும். 9 எம்.எம். பிஸ்டல், நிலையான குழல் உள்ள 9 எம்.எம். கார்பைன் (குட்டை ரைஃபிள்), போல்ட் ரைஃபிள் என்று கலந்து வைத்திருந்து, நிறையச் சுடாதவருக்கு சைலன்சர்கோவின் ஒமேகா 36எம் மாதிரி நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் சப்ரஸர் நியாயமான தேர்வு. துளை .36 என்பதால் .45 துளையைவிட ரைஃபிளில் நன்றாகவே வேலை செய்யும். பதிவுச் சிக்கலும் ஒரு காரணம்தான். சப்ரஸரைப் பிடிக்கவில்லை என்று யாருக்கும் அப்படியே கொடுத்துவிட முடியாது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் மறுபடி படிவம், மறுபடி அனுமதி. நாலு வாங்கிக் குவித்துவிட்டு மூன்று அலமாரியில் தூங்குவதைவிட யோசித்து இரண்டு வாங்குவது மேல்.

சட்டத்தைப் பற்றி நம் ஆட்கள் பலரும் தவறாக நினைப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சப்ரஸர் வெறும் இரும்புக் குழாயாக இருந்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் அது துப்பாக்கி. குடியுரிமை உள்ளவரும் பச்சை அட்டைக்காரரும் வாங்கலாம், விற்பனையாளரிடம் வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். எச்-1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே, சில குறுகிய விதிவிலக்குகள் தவிர, குற்றம். நண்பனுடையதைக் கையில் வாங்கி ஒரு போட்டோ எடுத்துக்கொள்வதும் அதில் வரும். 42 மாநிலங்களில் சப்ரஸர் வைத்திருக்கலாம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய்ஸ் போன்றவற்றில் முடியாது. வேலை மாறி அங்கே போக நேர்ந்தால் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். மனைவியும் பயன்படுத்துவார் என்றால் டிரஸ்ட் ஒன்று எழுதி அதன் பெயரில் வாங்குங்கள். உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் நீங்கள் இல்லாதபோது அது அவர் கைவசம் இருப்பதே சிக்கலாகும். டிரஸ்டில் பொறுப்பாளராக இருக்கும் ஒவ்வொருவரும் கைரேகையும் புகைப்படமும் கொடுக்க வேண்டும். இணையத்தில் மலிவாக "துப்புரவுக் கருவி" என்ற பெயரில் வரும் குழாய்களின் பக்கமே போகாதீர்கள். பதிவில்லாத சப்ரஸருக்குப் பத்து வருடம் வரை சிறை.

நாளைக்குக் கடைக்குப் போகும்போது ஏ.ஆர். குழலின் நீளத்தையும் மூன்று நீளத் துப்பாக்கிகளின் மரை அளவையும் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ரூகர் 10/22 பல மாடல்களில் மரை இல்லாமல்தான் வரும். உங்களுடையதில் இல்லையென்றால் மரை வெட்டிய குழல் ஒன்றை வாங்கி மாற்றிக்கொள்ளலாம், கடினமான வேலை இல்லை. .22-க்கானதை முதலில் பதிவுக்குப் போடுங்கள். அனுமதி வந்ததும் ஒலிவேகத்துக்குக் கீழான குண்டு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போய்ச் சுட்டுப் பாருங்கள். முதல் வெடி மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்கும். உள்ளே அடைந்திருக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜன் எரிவதால் வருவது அது, பயப்பட வேண்டாம். இரண்டாவதிலிருந்து போல்ட் முன்னும் பின்னும் போகிற சத்தமும், தூரத்தில் தகரத்தில் தோட்டா படுகிற 'டிங்' சத்தமும்தான் உங்களுக்குக் கேட்கும்.